ஏழு வீட்டு எர்த்

கொல்லயில் ஊரில் ரெத்தினதாஸ் தன் வீட்டில் இருந்து தும்மினால், ரேடியோப் பெட்டி உள்ள ஏழு வீடுகளிலும் அந்தத் தும்மல் கேட்டது. திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்ட எல்லைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த ஐம்பத்துநாலாம் வருஷம் அது. மிஷன் பள்ளிக்கூட வாத்தியாரான அவரிடம், வீட்டிலிருந்தே வானொலியில் பேச சர்க்கார் லைசன்ஸ் உண்டு. போராட்ட ஊர்வலத்துக்குப் போன தம்பி ராஜதாஸ் திரும்பவில்லை. போலீசும் அவனைத் தேடிக்கொண்டிருந்தது. தினமும் மாலை ஆறு மணிக்கு ரெத்தினதாஸ் மைக்கைப் பிடித்து, "எலே ராஜா, எங்க இருந்தாலும் ஒரு வார்த்த சொல்லு" என்று விளிப்பார். பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு அரைமணி நேரம் காத்திருப்பார். இரைச்சலைத் தவிர ஒன்றும் வராது.

ஊராருக்கோ சரியாகப் பாட்டு நேரத்தில் இந்தத் தொல்லை. சோமன் வீட்டில் சாவி கொடுக்காத கிராமபோன்கூட வாத்தியார் குரலில் பேசிற்று. பொறுத்துப் பார்த்துவிட்டு ஏழு வீட்டாரும் சர்க்காருக்கு மனு எழுதிப் போட்டார்கள். ஒரு மாதத்தில் தொல்லை நிற்காவிட்டால் லைசன்ஸ் ரத்து என்று கடிதம் வந்தது. லைசன்ஸ் போனால் தம்பியைத் தேட வேறு வழி இல்லை. மனுஷர் பதறிப்போனார்.

வீடு வீடாக ஏறி இறங்கினார். ஏரியல் வயரில் கம்பிச் சுருள் சுற்றினார், பெட்டிக்குத் தகரம் அடித்தார். கடைசியாக ஒவ்வொரு முற்றத்திலும் குழி தோண்டி, கரியும் உப்பும் கொட்டி, செம்புத் தகட்டைப் புதைத்து, பெட்டியிலிருந்து எர்த் வயரை அதில் இறக்கினார். வேண்டாத சத்தமெல்லாம் மண்ணுக்குள் போய்விடும் என்பது கணக்கு. அப்படியே போயிற்று. வேலை அத்தனை சுத்தம்.

ஏழாவது வீடு அம்மிணி அக்காவுடையது. அவர் மண்ணைத் தள்ளி மிதித்துவிட்டுக் கை கழுவும்போது அக்கா கேட்டாள். "இனி ராஜாவுக்க சத்தமும் கேக்காதா மக்கா?"

"எந்த ராஜா?"

"நீ விளிச்சு முடிச்ச உடனே 'அண்ணா, வாறேன்'னு சொல்லுவானே. எல்லா வீட்டிலயும் கேக்கும். நீயும் கேக்கியாக்கும்னு நெனச்சோம். போலீஸ் தேடுற பய, பேரு வெளிய வந்திரப்பிடாதுன்னு மனுவிலயும் எழுதல்ல, உன்கிட்டயும் சொல்லல்ல."

ரெத்தினதாஸ் ஏழு வீட்டிலும் தகரத்தைப் பிய்த்தார், வயரை அறுத்தார். பிறகு மைக்கில் விளித்துப் பார்த்தும் பெட்டிகளில் பாட்டு மட்டும் வந்தது. மறுநாள் ஆறு மணிக்கு அம்மிணி அக்காவின் முற்றத்தில் குப்புறப் படுத்து, மண்ணைப் பார்த்துத் தம்பியை விளித்தார். பிறகு காதை வைத்தார். "அண்ணா, வாறேன்" என்றது மண். தோண்டினார். தோண்டத் தோண்டக் குரல் கீழே போயிற்று. ஆறடியில் தண்ணீர் ஊறியது. அவர் அழுத அழுகையைக் கேட்க எந்த வீட்டுக்கும் பெட்டி தேவைப்படவில்லை.

தகட்டை மறுபடி புதைத்து, அறுத்த வயர்களையும் இணைத்தார்கள். ஐம்பத்தாறு நவம்பரில் எல்லை வகுத்தபோது கொல்லயில் கேரளத்தில் நின்றது. ராஜதாஸ் எந்தப் பக்கத்திலிருந்தும் வரவில்லை. புகார் ஏதும் இல்லாததால் லைசன்சை மட்டும் வருஷா வருஷம் புதுப்பித்து அனுப்பினார்கள்.

எர்த் காயக் கூடாது என்று வாத்தியார் சொல்லியிருந்தார். அதனால் கோடையில் ஏழு வீட்டாரும் தகட்டின்மேல் தினம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார்கள். ஊற்றியதும் உள்ளேயிருந்து "வாறேன்" என்று கேட்கும். "பைய வந்தா போதும் மக்கா" என்று சொல்லிவிட்டு, குடத்தைக் கவிழ்த்து வைத்து, அம்மிணி அக்கா பாட்டுக் கேட்க உள்ளே போவாள்.