ஒப்புதல் அளிக்கப்பட்டது

விசாரணை அறைக்கு வெளியே கிடந்த பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி, பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவில் மதிப்பெண்களைக் கணினியில் ஏற்றுகிறவள். ஏழெட்டு மாணவர்களின் மதிப்பெண்ணை மாற்றிவிட்டதாக அவள்மேல் புகார். மற்றவர், விசாரணைக் குழுவில் போடப்பட்டிருந்த விரிவுரையாளர். பதிவாளர் கூப்பிடும்வரை அவரும் காத்திருக்க வேண்டியதுதான்.

"குழுவுல நீங்க இருக்கீங்கன்னு கேட்டப்புறம்தான் மேடம் எனக்குத் தொண்டையில சோறு இறங்குச்சு," என்றாள் அவள்.

விசாரணை முடியும்வரை விரிவுரையாளர் அவளிடம் அதைப் பற்றிப் பேசக் கூடாது. வியர்த்திருந்த அவள் கையை ஒருமுறை அழுத்தினார்.

அலுவலகக் கணினிகளில் எதை யார் திறக்கலாம், யார் மாற்றலாம், தப்பு நடந்தால் யார் பதில் சொல்ல வேண்டும் என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. "எங்க வீட்டம்மா கம்ப்யூட்டருக்கு வாட்ச்மேன் வேலை படிச்சிருக்காங்க" என்று அவர் கணவர் சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பார். காதோரம் நரைத்த பிறகும் விரிவுரையாளருக்கு வேலை நிரந்தரமாகவில்லை. வருடா வருடம் ஒப்பந்தம்.

உள்ளே போனதும், விசாரித்துத் தான் கண்டறிந்ததைச் சொன்னார். மதிப்பெண் மாறிய அன்று அவள் ஆஸ்பத்திரியில் மகனோடு இருந்தாள். அவளுடைய பாஸ்வேர்டு அந்தப் பிரிவில் எல்லோருக்கும் தெரியும். லீவு நாளில் வேலை நிற்கக் கூடாதென்று கண்காணிப்பாளரே அதை வாங்கி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருந்தார்.

பதிவாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாடத்துக்கு நீங்க சொல்றது சரிதாம்மா. வெளிய போச்சுன்னா யுனிவர்சிட்டி பேரு நாறிடும். ஒரு ஆளோட தப்புன்னு முடிச்சிடலாமே."

"அவ பண்ணல சார். நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"இப்ப யாரும்மா கையெழுத்துப் போடறா? எல்லாம் ஆன்லைன்தானே."

மறுவாரம் அவளை வேலையிலிருந்து நீக்கினார்கள். விரிவுரையாளர் அறிக்கையைத் திறந்து பார்த்தார். கடைசிப் பக்கத்தில் அவர் பெயர். பக்கத்தில் பச்சை எழுத்தில், 'ஒப்புதல் அளிக்கப்பட்டது'. அதில் போட்டிருந்த நேரத்தில் அவர் வகுப்பில் நின்று பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

கணினிப் பிரிவுக்கு ஓடினார். அங்கிருந்த பொறியாளர் அவரிடமே படித்தவர். திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உங்க லாகின்லேர்ந்துதான் போயிருக்கு, மேடம்."

"இங்க உக்காந்து யாரோட கணக்கை வேணும்னாலும் திறக்கலாம்னு உனக்குத் தெரியாதாப்பா? நான்தானே உனக்குச் சொல்லிக்குடுத்தேன்."

"தெரியும் மேடம்." குரல் தாழ்ந்தது. "எனக்கும் புள்ளகுட்டி இருக்கு."

எழுத்தில் புகார் கொடுத்தார். மெமோதான் வந்தது: சொந்தப் பாஸ்வேர்டைப் பாதுகாக்கத் தவறியதற்கு விளக்கம் தரவும். விடுமுறை முடிந்து பல்கலைக்கழகம் திறந்தபோது ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. அவருடைய பாடம் வேறொருவருக்குப் போயிற்று. கணவர் வாட்ச்மேன் கதையை இப்போது யாரிடமும் சொல்வதில்லை.

சில மாதங்கள் கழித்துப் பெரிய கடையொன்றில் சாமான் வாங்கப் போனார். பில் போடும் இடத்தில் அவள் நின்றிருந்தாள். வேறு வரிசைக்குப் போய்விடலாமா என்று ஒரு கணம் தயங்கினார். போகவில்லை.

"பையன் எப்படி இருக்கான்?"

"இருக்கான், மேடம்." சோப்புக் கட்டியை எடுத்துக் கருவியில் காட்டினாள். "அறிக்கையில உங்க பேரைப் பார்த்தேன்."

"அதை நான் பண்ணலம்மா. சத்தியமா நான் பண்ணல."

"நானும் அதையேதான் சொன்னேன், மேடம்."

குரலில் கோபமில்லை. பையை அவர் பக்கம் தள்ளிவிட்டாள். அந்த இடத்தில் நாற்காலி இல்லை. வேலை நேரத்தில் யாரும் உட்காரக் கூடாது. மேசைக்கு அடியில் செருப்பைக் கழற்றிப் போட்டு, வீங்கிய பாதம் ஒன்றை இன்னொன்றின்மேல் ஏற்றி, கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தாள்.

"அடுத்து வாங்க," என்றாள்.