கண் திறந்த ஜெபம்

எதிர்க் கட்டடத்தின் உச்சியில் கயிற்றுப் பலகையில் தொங்கியபடி அவள் கணவன் சுவருக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தான். இந்தப் பக்கம், தையல் கடை ஜன்னலோரம் அவள் மிஷின் மிதித்துக்கொண்டிருந்தாள். உதடு ஜெபித்தது, கண் மட்டும் அவனை விட்டு நகரவில்லை. ஒரு நொடி மூடினாலும் கயிறு அறுந்துவிடும் என்று ஒரு பைத்தியக்காரப் பயம். அவன் மேலே ஏறிவிட்டால் அவள் கண்ணை மூடி ஜெபித்ததே இல்லை.

"இன்னிக்கும் காலர் கோணல்!" கடைக்கார அக்கா சட்டையைத் தூக்கிப் போட்டாள். "கர்த்தர் மேல பாரத்தை வெச்சுட்டேன்னு வாய் கிழியச் சொல்ற. அப்புறம் தையலை விட்டுட்டு அவனையே பார்த்துட்டிருக்க நீ யாரு, கயிறா?"

அந்த நேரம் பார்த்துக் காற்று சுழற்றியடித்தது. பலகையோடு அவன் சுவரில் மோதினான். பெயிண்ட் வாளி நழுவி, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தெருவில் விழுந்து சிதறியது.

இத்தனை நாள் காவல் காத்த கண்ணால் ஒரு வாளியைக்கூடப் பிடித்து நிறுத்த முடியவில்லை. பலகை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

கண்களை மூடினாள்.

"ஆண்டவரே, அவரைத் தாங்குறது நீர்தான். நான் இல்ல."

தெருவில் யாரோ கத்தினார்கள். ஜெபம் முடியும்வரை அவள் கண்ணைத் திறக்கவில்லை.