இறகு பிடுங்கின காசு

ஞாயிற்றுக்கிழமைகளில் எசமானி சிஞ்ஞோராவின் குடும்பம் காசைக் கையால் தொடுவதில்லை. பக்தி காரணமல்ல. சிசிலியில், பகேரியாவுக்கு அப்பால் அவர்களுக்குப் பரம்பரையாக வந்த காணி ஒன்று இருந்தது. எலுமிச்சை மரங்களில் பாதி பட்டுப்போய்விட்டன. உருப்படியாக மிஞ்சியது நடுவிலிருந்த குளம் மட்டும்தான். ஒக்டோபரிலிருந்து தை முடியும்வரை அதில் காட்டுத்தாராக்கள் வந்து இறங்கும். அவற்றைச் சுடுவதற்கு பலெர்மோவிலிருந்து ஆட்கள் வருவார்கள். ஆளுக்கு ஒரு லட்சம் லீரா. அனுமதி எடுக்காமல் அப்படிக் காசுக்கு வேட்டை விடக்கூடாது. அனுமதி எடுத்தாலோ வரி கட்டவேண்டும். ஆகவே வருகிறவர்கள் எல்லாரும் விருந்தாளிகள். விருந்தாளிகள் தாங்கள் சுட்ட தாராவுக்கு இறகு பிடுங்கித் தருகிற வேலைக்காரிக்குச் சந்தோசமாக ஏதோ கொடுத்துவிட்டுப் போகிறார்கள், அவ்வளவுதான்.

அந்த வேலைக்காரி இந்திராதேவி.

கிழமையில் ஆறு நாள் சிஞ்ஞோராவின் பலெர்மோ வீட்டில் தரை துடைத்து, உடுப்புத் தேய்த்து, ஏழாம் நாள் முதல் ரயிலில் பகேரியாவுக்குப் போவாள். அங்கிருந்து சிஞ்ஞோராவின் மகன் காரில் காணிக்குக் கொண்டுபோவான். வேட்டைக்காரர் தருகிற கடித உறைகள் அவளுடைய ஏப்ரன் பைக்குள் போகும். பின்னேரம் அவற்றைக் குசினி மேசையிலிருக்கும் பிஸ்கற் டின்னுக்குள் வைத்துவிட்டு அவள் கை கழுவப் போவாள். வருவதற்குள் டின் வெறுமையாகிவிடும். அவள் எதையும் பார்த்ததில்லை, சிஞ்ஞோராவும் எதையும் எடுத்ததில்லை. நாற்பதாயிரம் லீராவும், ஒருவரும் விரும்பாமல் விட்டுப்போன சேற்று மணமடிக்கும் நீர்க்கோழி ஒன்றும் அவளுக்குக் கிடைக்கும்.

முதல் ஞாயிறு குளத்துப் பக்கம் வெடி கேட்டபோது சிஞ்ஞோரா இவளுடைய முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். யுத்த நாட்டுக்காரி பயப்படுவாள் என்று ஒரு தண்ணீர்க் கிளாசையும் எடுத்து வைத்திருந்தாள். இந்திராதேவிக்கு ஒன்றும் வரவில்லை. சின்னத் துவக்குகள். அவள் சுடுதண்ணீருக்குள் தாராவை அமுக்கி எடுத்து, நெஞ்சுப் பக்கத்திலிருந்து இறகைப் பிடுங்கத் தொடங்கினாள். சுடுதண்ணீர், பிறகு கிணற்றுத் தண்ணீர், திரும்பச் சுடுதண்ணீர் என்று மாறி மாறிப் போட்டதில் மத்தியானமளவில் விரல்கள் விறைத்துப்போயின. மார்கழி பிறந்தபிறகு அவை திங்கட்கிழமையும் விறைத்தே இருந்தன. அதைப்பற்றி அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை. சொல்லி என்ன?

அவளுக்குத் தேவைப்பட்டது ஒரேயொரு கையெழுத்து. தொண்ணூற்றைந்து கார்த்திகையில் இத்தாலி அரசாங்கம் ஒரு சட்டம் கொண்டுவந்தது: வேலை கொடுத்திருக்கிறவர் ‘இவர் என்னிடம் வேலை செய்கிறார்’ என்று எழுதிக் கையெழுத்து வைத்தால், கடதாசி இல்லாதவருக்குப் பெர்மெசோ என்கிற வதிவிட அனுமதி கிடைக்கும். பங்குனி முடிவு கடைசித் தேதி. அதே கார்த்திகையில் யாழ்ப்பாணம் முழுவதும் இடம்பெயர்ந்து வன்னிக்குப் போனது. அவளுடைய புருசன் கோபாலசிங்கமும் ஒன்பது வயது மகள் துசானியும் கிளிநொச்சியில் ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறையில் பதினொரு குடும்பங்களோடு இருந்தார்கள். மார்கழியில் ஒரு கடிதம் வந்தது. பிள்ளைக்கு மலேரியா வந்து மாறிவிட்டது என்று கோபாலசிங்கம் எழுதியிருந்தார். எப்போது வந்தது, எப்போது மாறியது என்று எழுதவில்லை. பெர்மெசோ இருந்தால் இருவரையும் கூப்பிடலாம். இல்லாவிட்டால் இங்கே தாராவுக்கு இறகு பிடுங்கிக்கொண்டிருக்கலாம்.

சிஞ்ஞோரா மாட்டேன் என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்கிற ஆளுமல்ல. வேட்டைக்காலம் முடியட்டும், ஆறுதலாக இருந்து எழுதுவோம் என்றாள்.

குளத்தைச் சுற்றி, வேட்டைக்காரர் பதுங்கியிருக்க நாணலால் கட்டிய பன்னிரண்டு மறைப்புகள் இருந்தன. மூன்றாவதும் நாலாவதும் நல்லவை. தாரா நேரே தலைக்கு மேலால் வரும். விடியுமுன் அந்த இரண்டுக்கும் அடிபாடு. போர்கோ வெக்கியோவில் இறைச்சிக்கடை வைத்திருந்த தொந்திக்காரன் ஒருவன். அவனுக்கு எப்போதும் நாலாவது வேண்டும். மார்கழியில் ஒருநாள் அவனும் ஒரு மருந்துக்கடைக்காரரும் தோளில் துவக்கோடு ஒருவரை ஒருவர் சட்டையில் பிடித்துக்கொண்டார்கள். சிஞ்ஞோரா ஜன்னலில் நின்று மாதாவைக் கூப்பிட்டாள்.

இந்திராதேவி யாழ்ப்பாணத்தில் பத்து வருசம் சங்கக்கடையில் கிளார்க்காக இருந்தவள். மண்ணெண்ணெய்க்கு ஆயிரம் பேர் நிற்கிற வரிசையை ஒற்றை ஆளாக நடத்தியவள். சனத்தின் வாயை மூடுவதற்கு உலகத்தில் ஒரே வழிதான் உண்டு: கையில் ஒரு துண்டைக் கொடுத்துவிட வேண்டும். அடுத்த ஞாயிறு வரும்போது பாஸ்தாப் பெட்டி மட்டையில் பன்னிரண்டு துண்டுகள் வெட்டிக்கொண்டு வந்தாள். ஒவ்வொன்றிலும் மறைப்பின் நம்பர், திகதி. கள்ளத்துண்டு அடிக்காமலிருக்க மூலையில் ‘இ.தே.’ என்று தன் பெயரின் சுருக்கம். உறையைத் தந்தவர் யார், தராதவர் யார் என்று தெரியவேண்டாமா? அதனால் ஒரு லட்சம் என்று இலக்கத்தில் போட்டுப் பக்கத்தில் ‘பகாத்தோ’ என்றும் எழுதினாள். கட்டியாயிற்று என்று அர்த்தம். கரண்ட் பில்லில் அடித்திருக்கிற முத்திரையைப் பார்த்துப் பழகிய சொல்.

துண்டுகளைக் கவிழ்த்துப் பிடித்து ஆளுக்கொன்றாக இழுக்கச் சொன்னாள். முதலில் சிரித்தார்கள், பிறகு இழுத்தார்கள். இறைச்சிக்கடைக்காரனுக்கு ஒன்பது விழுந்தது. அவன் பேசாமல் ஒன்பதுக்குப் போனான். சிஞ்ஞோரா இவளுடைய கன்னத்தைத் தட்டி மூளைக்காரி என்றாள். கண்ணாடி போடாமல் தூரத்திலிருந்து பார்த்ததால் மட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்த வீட்டில் காசைப்பற்றி ஒரு எழுத்தும் எழுதக்கூடாது என்பது இவளுக்கும் தெரியவில்லை. எவராவது எழுதாமல் காசு வாங்குவார்களா?

தை பதினாலாம் திகதி ஞாயிறு, பொங்கலுக்கு முதல் நாள், வனக்காவலர் இருவர் வந்தார்கள். துவக்கு லைசென்ஸ் பார்த்தார்கள், செத்த தாராக்களை எண்ணினார்கள். எல்லாரும் விருந்தாளிகள் என்று சிஞ்ஞோராவின் மகன் சொன்னான். விருந்தாளிகளும் ஓம் ஓம் என்றார்கள். இறைச்சிக்கடைக்காரன் லைசென்ஸ் எடுப்பதற்குப் பேர்ஸைத் திறந்தான். மட்டைத்துண்டு கீழே விழுந்தது.

வயதான காவலர் குனிந்து எடுத்து வாசித்தார். நாலு. பதினாலு, ஒன்று, தொண்ணூற்றாறு. ஒரு லட்சம். பகாத்தோ. மூலையிலிருந்த எழுத்தை மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு இது என்ன பாசை என்று கேட்டார்.

சிஞ்ஞோரா படியிறங்கி வந்தாள். அவள் பதறவில்லை. அந்தக் குடும்பம் முந்நூறு வருசமாக அதிகாரிகளோடு பேசிப் பழகிய குடும்பம். அங்கே நிற்கிற பெண் ஞாயிற்றுக்கிழமைகளில் தானாக வந்து இறகு பிடுங்குகிறவள், வேட்டைக்காரர் கொடுப்பதை வாங்கிக்கொண்டு போகிறவள், அவளுக்கும் இந்தக் காணிக்கும் ஒரு தொடர்புமில்லை என்றாள். காவலர் இந்திராதேவியிடம் வந்தார். அவருக்குப் பின்னால் நின்று சிஞ்ஞோரா இவளைப் பார்த்தாள். கெஞ்சலா மிரட்டலா என்று பிரிக்க முடியாத பார்வை.

இவளுடைய தலைக்குள் ஒரேயொரு கணக்குத்தான் ஓடியது. இப்போது சிஞ்ஞோராவுக்குக் குற்றம் எழுதினால் கையெழுத்துக் கிடைக்காது.

“ஆரிட்டை வேலை செய்யிறாய்?” என்று காவலர் கேட்டார்.

“ஒருத்தரிட்டையும் இல்லை.”

“இந்தக் காசு?”

“எனக்குத் தாறது. இறகு பிடுங்கினதுக்கு.”

அவர் நின்ற நிலையில் எழுதினார், வேகமாக வாசித்தார், பேனையை நீட்டினார். பெர்மெசோவைக் கேட்பார் என்று நினைத்துப் பாஸ்போர்ட் கொப்பியைத் தயாராக வைத்திருந்தாள். அவர் அதில் பெயரை மட்டும் பார்த்து எழுதிக்கொண்டார். அவர் வந்தது தாராவுக்காக. கையெழுத்து வைத்ததும் ஒரு பிரதியைக் கிழித்துத் தந்தார். அவள் கடதாசி எதையும் எறியாத இனம். கவனமாக மடித்து, மற்றக் கடதாசிகள் இருந்த பிளாஸ்ரிக் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அன்று பின்னேரம் நீர்க்கோழிக்குப் பதிலாக இரண்டு நல்ல தாரா கிடைத்தது. சிஞ்ஞோரா குசினிக்குள் வந்து கட்டிப்பிடித்தாள். டின் வழமைபோல வெறுமையாயிற்று.

செவ்வாய்க்கிழமை கோயில் மண்டபத்தில் அகஸ்ரினிடம் போனாள். மன்னார்ப் பொடியன்; பகலில் ஒரு கிழவரைப் பராமரிக்கிறவன், பின்னேரங்களில் சனத்துக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பான். மற்றக் கடதாசிகளோடு காவலரின் பிரதியையும் நீட்டினாள், இதுவும் உதவும் என்று நினைத்து. அவன் இரண்டு தரம் வாசித்தான்.

“அக்கா, இதிலை என்ன கிடக்கு எண்டு தெரிஞ்சுதானே கையெழுத்து வைச்சனீங்கள்?”

“அவர் வாசிச்சவர். விளங்கேல்லை.”

“நான் ஒருத்தரிட்டையும் வேலை செய்யேல்லை, காணிக்காரரோடை எனக்குத் தொடர்பில்லை, சனம் தாற காசு முழுக்க என்ரை எண்டு நீங்கள் சொல்லியிருக்கிறியள். கீழை உங்கடை பேர். இனி அவ போய், இவ என்னட்டை வேலை செய்யிறா எண்டு எழுதினா, அரசாங்கத்திட்டை ரெண்டு கடதாசி இருக்கும். ஒண்டு பொய்.”

“அப்ப வைக்கமாட்டா.”

“வைக்கேலாது அக்கா.”

அவன் சொன்னதில் கோபப்பட ஒன்றுமில்லை, கூட்டல் கணக்கு மாதிரி நேராக இருந்தது. வேறு வழி இருக்கிறதா என்று கேட்டாள். வியா மக்வேதா தெருவுக்குப் பின்னால் ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார் படுக்கையில் கிடக்கிறார், பார்க்க ஆள் தேவை, அவருடைய மகள் கையெழுத்து வைக்கச் சம்மதம் என்றான். ஆனால் முன்கூட்டியே கட்டவேண்டிய காப்புறுதிக் காசை அவர்கள் கட்டமாட்டார்கள், வேலைக்கு வருகிறவர்தான் கட்டவேண்டும். இரண்டு மில்லியன் லீரா, இருபது லட்சம், வரும்.

“அந்தளவுக்கு நான் எங்கை போறது?” என்று கேட்டுவிட்டுக் கடதாசிகளை அடுக்கினாள்.

இருந்தாலும் சனிக்கிழமை சிஞ்ஞோராவிடம் கேட்டாள். வாயால் கேட்டு வைக்கவேண்டும். சிஞ்ஞோரா கண்ணாடியைக் கழற்றினாள். அவளுக்கு உண்மையாகவே கவலை. நீயே கையெழுத்து வைத்துவிட்டாயே பிள்ளை, நான் எப்படி இனி வேறு விதமாக எழுதுவது, என்னைச் சிறையில் போடுவார்களே என்றாள். அடுத்த வருசம் இன்னொரு சட்டம் வரும், இந்த நாட்டில் எப்போதும் வரும் என்றாள். பிறகு குரலை மாற்றாமல், இருபத்தெட்டாம் திகதி இந்தக் காலத்தின் கடைசி ஞாயிறு, பதினாலு விருந்தாளிகள், ஆளுக்கு ஒன்றரை லட்சம், நேரத்துக்கு வந்துவிடு என்றாள்.

“துண்டு ஒண்டும் எழுதாதை,” என்றும் சொன்னாள்.

இருபத்தெட்டாம் திகதி துண்டில்லாமல் திரும்பவும் அடிபாடு. இறைச்சிக்கடைக்காரன் குசினி வாசலுக்கு வந்து கையை நீட்டினான், தன் நம்பரைத் தரச்சொல்லி. இல்லையென்று தலையாட்டினாள். அவன் சிசிலிப் பாசையில் ஏதோ திட்டிக்கொண்டு உறையை மட்டும் வைத்துவிட்டுப் போனான். ஒவ்வொருவராகப் பதினாலு உறை. ஏப்ரன் பை முன்னுக்குத் தள்ளி, ஐந்து மாதக்காரி மாதிரி இருந்தது. அன்று அறுபதுக்கு மேல் தாரா. அவள் எண்ணுவதை நிறுத்திவிட்டாள். கை தானாகப் பிடுங்கியது. கிளிநொச்சியைப்பற்றி யோசிக்கப் பார்த்தாள், அதுவும் வரவில்லை. மகளுடைய முகத்துக்குப் பதிலாக அந்தக் கடதாசிதான் வந்தது, கீழே தன் பெயரோடு. சனம் தாற காசு முழுக்க என்ரை. அகஸ்ரின் வாசித்துச் சொன்ன அந்த வரி பன்னிரண்டு நாளாகத் தலைக்குள் கிடந்தது. அன்று மத்தியானம், கையில் ஒரு தாராவின் கழுத்தைப் பிடித்தபடி நிற்கும்போது, முதல் தடவையாக அதை அவள் மற்றப் பக்கத்திலிருந்து வாசித்தாள்.

பின்னேரம் கடைசிக் கார் போனது. ஏப்ரனைக் கழற்றினாள். உறைகளைத் தன் கைப்பைக்குள் வைத்தாள். கையைக் கழுவினாள், நகத்திடுக்கில் இருந்த இரத்தத்தையும் ஊசியால் எடுத்தாள். திரும்பி வரும்போது சிஞ்ஞோரா டின்னைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். இத்தனை மாதத்தில் அந்த டின்னைக் கையில் வைத்திருக்க அவளைக் கண்டது அதுதான் முதல் தரம்.

“இந்திரா, காசு எங்கை?”

பிளாஸ்ரிக் பைக்குள் இருந்து பிரதியை எடுத்து, தாராக்களின் இரத்தம் படாத இடமாகப் பார்த்து மேசையில் விரித்தாள்.

“என்ரை காசு, சிஞ்ஞோரா. இறகு பிடுங்கினதுக்குத் தந்தது. இதிலை எழுதியிருக்கு. நீங்களும் அப்பிடித்தானே சொன்னனீங்கள்.”

சிஞ்ஞோரா கண்ணாடியைத் தேடிப் போட்டாள். இந்தத் தடவை கண்ணாடியோடு வாசித்தாள். மகன் வாசலில் வந்து நின்றான். தொலைபேசி சுவரில் இருந்தது. அவன் அதைப் பார்த்தான், தாயைப் பார்த்தான். யாரைக் கூப்பிடுவது? என்னவென்று சொல்வது?

“நாங்கள் உனக்கு என்ன குறை வைச்சனாங்கள்?” என்று சிஞ்ஞோரா கேட்டாள். அவளுடைய கண் கலங்கியிருந்தது.

இந்திராதேவி உண்மையாகவே யோசித்துப் பார்த்தாள். பிரதியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, வாசலில் நின்றவனை விலகச் சொல்லிக் கையால் காட்டினாள். அவன் விலகினான். அன்று காரில் கொண்டுபோய் விட ஒருவரும் இல்லை. பகேரியா ஸ்ரேசனுக்கு ஒன்றரை மணித்தியாலம் நடந்தாள். ரயிலில் முன் ஆசனத்துக் கிழவி அவளுடைய மயிரில் ஒட்டியிருந்த இறகை எடுத்துக் கொடுத்தாள். நன்றி சொல்லி வாங்கிப் பைக்குள் போட்டாள்.

செவ்வாய்க்கிழமை அகஸ்ரின் அவளை வாத்தியார் வீட்டுக்குக் கூட்டிப்போனான். காசு எங்கிருந்து வந்தது என்று அவன் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. மூன்றாம் மாடி. உள் அறையில் கிழவர் இருமினார். மகள் நாற்பது வயதுக்காரி, நல்ல சிரிப்பு. படிவத்தை இரண்டிடத்தில் நிரப்பி, கையெழுத்து வைத்தாள். இந்திராதேவி அந்தக் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னதாக, கோணலாக, ஒரு சாதாரணக் கையெழுத்து. சந்தோசம் வரும் என்று ஒரு கணம் காத்திருந்தாள். பிறகு காசை எடுத்து மேசையில் வைத்தாள். மகள் எண்ணி லாச்சிக்குள் போட்டாள்.

இந்திராதேவி எழும்பவில்லை.

“வாங்கோ அக்கா, முடிஞ்சுது,” என்றான் அகஸ்ரின்.

“துண்டு தரச்சொல்லு.”

“என்ன துண்டு?”

“காசு வாங்கினதுக்கு.”

அவன் சங்கடப்பட்டு மொழிபெயர்த்தான். மகள் சிரித்தாள். அதெல்லாம் எதற்கு, நாங்கள் இனி ஒரு குடும்பம் மாதிரித்தானே என்றாள். அகஸ்ரின் அதையும் மொழிபெயர்த்தான். தேவையிருக்கவில்லை, அவளுக்கு விளங்கியிருந்தது.

அவள் மேசைக்கு மேலால் கையை நீட்டினாள். விரல்களில் இன்னும் உணர்வு திரும்பவில்லை. மகள் பேனையைத் தேடி எடுத்து எழுதித் தரும்வரை நீட்டியபடியே இருந்தாள்.