மூன்றாம் பக்கத்துத் தங்கச்சி

சனிக்கிழமை மத்தியானம், சோறு வெந்துகொண்டிருந்த நேரத்தில், மிதுசா வரவேற்பறையில் டிவிக்கு முன்னால் நின்று தன் உரையைப் பேசிப் பழகிக்கொண்டிருந்தாள். ஐந்து மணிக்கு, ஜேர்மனியின் எசன் நகர நூலகத்தில் நிகழ்ச்சி. அதற்கு முன் ஒருதரம் சொல்லிப் பார்க்க அவளுக்குக் கிடைத்த சபையில் ஒரே ஒரு ஆள்தான்: சோபாவில், புதுச் சட்டை கசங்காதபடி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்த அவளுடைய அப்பா நித்தியானந்தன். இருபத்தேழு வருடமாக ட்ராம் ஓட்டுகிறவர். அவருடைய டொச், அதாவது ஜேர்மன் மொழி, ட்ராமுக்குள் புழங்கும் டொச். கதவை மறிக்காதே, இறங்கு, அடுத்ததில் வா என்பதோடு முடிந்துவிடும். ஆகவே மகள் டொச்சில் எழுதியதை அவருக்காகத் தமிழில் பெயர்த்துப் பெயர்த்துச் சொன்னாள். ஊர்ப் பிள்ளைகள் வெட்கப்படும் அளவுக்கு நல்ல தமிழ். அதில் அவருக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

அவளுடைய ஆராய்ச்சி கிரீக் என்ற மக்களைப் பற்றியது. அவளுடைய அம்மா பவளம் ஒரு வருடம் முழுக்க, மகள் கிரேக்கரைப் பற்றித்தான் படிக்கிறாள் என்று கோயிலில் கண்ட நிண்ட ஆட்களுக்கெல்லாம் சொல்லித் திரிந்தாள். ஒருநாள் மிதுசா சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வர, "அம்மா, இது அமெரிக்காவில இருந்த ஆதிச் சனம். கிரீஸ் இல்லை" என்று திருத்தினாள். அதற்குப் பிறகு பவளம் அந்தப் பேச்சையே விட்டுவிட்டாள்.

"இதைக் கேளுங்கோ அப்பா, இதுதான் முக்கியமான இடம்" என்று மிதுசா தாளைப் புரட்டினாள். "ஆயிரத்து எண்ணூற்று முப்பத்திரண்டில ஒரு ஒப்பந்தம். கிரீக் சனத்தின்ர காணியில பெரும்பங்கை அரசாங்கம் எடுத்திட்டு, மிச்சத்தில ஒவ்வொரு குடும்பத்துக்கும் அவையவையின்ர பேரில ஒரு துண்டு குடுத்தது. விரும்பினா விக்கலாம், விரும்பினா இருக்கலாம். அப்பிடித்தான் எழுதியிருக்கு. ஆனா வெள்ளைக்காரக் குடியேறிகள் காத்துக்கொண்டு நிண்டவங்கள். காணிக்காரன் விக்க மாட்டன் எண்டா என்ன செய்யிறது? வேற ஒருத்தனைக் கூட்டிக்கொண்டு போய் அதிகாரிக்கு முன்னால நிப்பாட்டுவாங்கள். 'நான்தான் அந்தக் காணிக்காரன்' எண்டு அவன் சொல்லுவான். மொழிபெயர்க்கிற ஆள் அதை அப்பிடியே பெயர்ப்பான். அதிகாரிக்கு முகம் தெரியாது. கூட்டிக்கொண்டு போன ஆள் கையெழுத்துக்குப் பதிலா ஒரு புள்ளடி போட்டானெண்டா சரி, காணி போச்சு."

"உண்மையான காணிக்காரன்?"

"அவன் அங்க வயலில நிக்கிறான். ஆரோ வந்து எழும்பு எண்டு சொல்லேக்கதான் அவனுக்கே தெரியும். நாலு வருசத்துக்குப் பிறகு ஆமி வந்து எல்லாரையும் மேற்குப் பக்கம் துரத்தினது. சில பேரைச் சங்கிலி போட்டுக் கொண்டுபோனவங்கள். கொஞ்சப் பேர் தெற்கால ஓடி, புளோரிடாவில செமினோல் சனத்தோட சேர்ந்து சதுப்புக்க நிண்டு சண்டை பிடிச்சவை."

நித்தியானந்தன் சட்டைக் கழுத்தைத் தளர்த்தினார். கேட்காமல் விட்டிருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை.

"அந்தப் புள்ளடி போட்டவன் ஆர் பிள்ளை? வெள்ளைக்காரனோ?"

"இல்லை அப்பா. அவனும் கிரீக்தான். பசியில நிண்டிருப்பான். குடிக்கக் குடுத்திருப்பாங்கள், ஒரு போர்வை குடுத்திருப்பாங்கள். அவனை நான் பெரிசாப் பிழை சொல்லேல்லை." அவள் தாளைப் பார்க்காமல் சொன்னாள்: "ஆனா அவனைப் பற்றித்தான் கனக்க யோசிக்கிறனான். பிறகு தன்ர பிள்ளையளுக்கு என்னத்தைச் சொல்லியிருப்பான்?"

சமையலறையில் பவளம் தாளித்த வெந்தயத்தின் மணம் வந்தது. நித்தியானந்தன் எழும்பி யன்னலைத் திறந்தார். பிறகு எதற்காகத் திறந்தோம் என்று தெரியாமல் சாத்தினார்.

உரையின் இரண்டாம் பாதி அவரைப் பற்றியது. அதுதான் அவருக்குத் தொண்டையில் மாட்டிய முள். மூன்று கிழமைக்கு முன் மிதுசா தன் பிறப்புப் பத்திரம் தேடி நிலவறைக்குப் போனவள், ஒரு பழைய கோப்போடு மேலே வந்தாள். 1992இல் அவர் அகதியாகப் பதிந்தபோது நடந்த விசாரணையின் பதிவு, எட்டுப் பக்கம். இந்த நாட்டில் கடுதாசி ஒன்றையும் எறியக் கூடாது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, முப்பது வருடத்துக்கு மேலாக அதைப் பூட்டி வைத்திருந்த மகா புத்திசாலி அவர். மிதுசா அதைப் படிக்கட்டில் இருந்தே வாசித்துவிட்டு, அழுத முகத்தோடு வந்து அவருடைய தோளில் சாய்ந்தாள். "ஏன் அப்பா ஒருநாளும் சொல்லேல்லை?" என்று மட்டும் கேட்டாள். இதை என் உரையில் சேர்க்கட்டுமா என்று அடுத்த நாள் கேட்டபோது, அவர் ஓம் என்றார். மகள் நீட்டிய கடுதாசி எதற்கும் அவர் இல்லை என்று சொன்னதில்லை. அவள் எழுத்துக் கூட்டத் தொடங்கிய வயதிலிருந்தே அந்த வீட்டில் வாசிப்பது அவள், கையெழுத்து வைப்பது அவர்.

இப்போது அவள் அதையே வாசித்தாள். "ஒலிபெருக்கி கட்டின வாகனம் வந்தது. ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள எல்லாரும் வெளிக்கிட வேணும் எண்டு ஆமி சொன்னது. அடுப்பில உலை கொதிச்சுக்கொண்டு இருந்தது, அதை இறக்கி வைச்சிட்டு வந்தம். சந்தியில மறிச்சுச் சோதிச்சவங்கள். என்ர சின்னத் தங்கச்சியின்ர தோட்டைக் கழட்ட ஏலாமல் போக, இழுத்தாங்கள். காது கிழிஞ்சு போச்சு. அவள் அழாமல் நடந்தாள்."

நித்தியானந்தன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஒன்றுகூட அவருடையதில்லை.

அந்த விசாரணை அறை அவருக்கு இன்றைக்கும் அச்சொட்டாக ஞாபகம் இருக்கிறது. தன் கதையைத்தான் முதலில் சொன்னார். குண்டு போட்டார்கள், பயந்தேன், அண்ணன் அனுப்பினார், வந்தேன். பயம் பொய்யில்லை. ஆனால் அவருடைய வீட்டுக்கு வந்து யாரும் எழும்பு என்று சொன்னதில்லை. அவருடைய தாய் அதே வீட்டில் இருந்துதான் அவருக்குக் கடிதம் எழுதினாள். அதிகாரி கொட்டாவி விட்டான். இப்படிச் சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவான் என்று அகதி முகாமில் இருந்த அத்தனை பேரும் சொல்லியிருந்தார்கள். வாயைத் திறந்தார். வெளியே வந்தது மஹ்ரூப் நானாவின் கதை.

மஹ்ரூப் நானா யாழ்ப்பாணத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த முஸ்லிம்; நானா என்றால் அவர்கள் பேச்சில் அண்ணன். நித்தியானந்தன் மூன்று வருடம் அங்கே வேலை செய்தார். தொண்ணூறாம் ஆண்டு ஒக்டோபரில், முஸ்லிம் சனம் அத்தனை பேரும் ஊரை விட்டுப் போக வேண்டும் என்று, அப்போது யாழ்ப்பாணத்தைக் கையில் வைத்திருந்த தமிழ் இயக்கம் சொன்னது. சனம் பையும் பிள்ளையுமாகத் தெருவால் போனதை நித்தியானந்தன் ஒரு மதிலோரமாக நின்று பார்த்தார். ஒரு சொல் சொல்லவில்லை. அடுத்த வருடம் கொழும்பில் பயணத்துக்குக் காத்திருந்த நாட்களில், மனம் கேட்காமல், துரத்தப்பட்ட சனம் தங்கியிருந்த புத்தளத்துக்கு பஸ் ஏறிப் போய் நானாவைத் தேடிப் பிடித்தார். கிடுகுக் குடிலுக்குள் இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, நடந்தது முழுவதையும் நானா ஆற அமரச் சொன்னார். அவருடைய ஐந்து வயது மகள் நித்தியானந்தனின் மடியில் ஏறி இருந்தாள். அவளுடைய ஒரு காது இரண்டாகப் பிளந்து ஆறியிருந்தது.

அதைத்தான் ஜேர்மனிக்குக் கொண்டுவந்தார். இரண்டே இரண்டு மாற்றங்கள் செய்தார். இயக்கம் என்ற இடத்தில் ஆமி. மகள் என்ற இடத்தில் தங்கச்சி. ஆமி என்று சொன்னபோது, மொழிபெயர்க்க வந்திருந்த தமிழ் அண்ணை ஒரு கணம் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். அந்த வருடம் யாழ்ப்பாண நகரத்துக்குள் ஆமி இல்லை என்பது அவருக்கும் தெரியும். பார்த்துவிட்டு, குனிந்து, மொழிபெயர்த்தார். எட்டுப் பக்கத்துக்கும் கீழே நித்தியானந்தன் கையெழுத்து வைத்தார். அன்றைக்கு அவருக்கு வெட்கமாக இருக்கவில்லை, அதுதான் கேவலம். பசிதான் இருந்தது. முகாமுக்குத் திரும்பிப் போய் இரண்டு கோப்பை சோறு தின்றார்.

வெட்கம் பிறகுதான் வந்தது. அதுவும் சிறுகச் சிறுக. மிதுசாவுக்குக் காது குத்திய அன்று அவர் வேலைக்குப் போய்விட்டார். விடுமுறை இருந்தும் போனார்.

"அப்பா." மிதுசா வந்து அவர் பக்கத்தில் முழங்காலில் இருந்தாள். "மூண்டு கிழமையா இதைக் கேக்காமல் இருக்கிறன். உங்களுக்கு நோகும் எண்டு தெரியும். எங்களுக்கு ஒரு மாமி இருந்திருக்கிறா. ஒரு படமும் இல்லை, ஒருத்தரும் அவவைப் பற்றிக் கதைக்கிறதும் இல்லை. செத்துப்போனாவோ எண்டு நான் இப்ப கேக்கேல்லை. பேர் மட்டும் சொல்லுங்கோ. மூண்டாம் பக்கத்தில 'என் தங்கை' எண்டு மட்டும்தான் இருக்கு. இண்டைக்கு அவவின்ர பேரைச் சொல்லித்தான் தொடங்கப் போறன்."

உரையின் முதல் தாளில், தலைப்புக்குக் கீழே, ஒரு பெயர் எழுத இடம் விட்டிருந்தாள். மகள் மூன்று கிழமையாக இல்லாத ஒரு மாமிக்காக அழுதிருக்கிறாள். வேறு யாரோ ஒருத்தருடைய பிள்ளையின் காதை எடுத்துத் தன் குடும்பத்தில் ஒட்டி வைத்திருந்ததை, இவள் பத்திரமாகத் தூக்கிக்கொண்டு நூறு பேருக்கு முன்னால் போகப்போகிறாள்.

பவளம் சமையலறை வாசலில் வந்து நின்றாள். கையில் அகப்பை. அகதிக் கேஸ் பொய்யாகச் சோடித்தது என்பது அவளுக்குக் கல்யாணம் கட்டிய வருடமே தெரியும். ஊரில் பாதிப் பேர் சோடித்ததுதானே என்று அவள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. யாருடைய கதை என்று அவள் கேட்டதுமில்லை, அவர் சொன்னதுமில்லை. புருசனுடைய முகத்தைப் பார்த்தவள் சட்டென்று இடையில் விழுந்தாள்.

"சறோசா" என்றாள். "சறோசா எண்டு பேர். சின்னதிலயே போய்ச் சேந்திட்டா. அப்பரைப் போட்டு ஆக்கினைப்படுத்தாத பிள்ளை, எழும்பு, சாப்பிடுவம்."

"சறோசா" என்று மிதுசா மெல்லச் சொல்லிப் பார்த்தாள். அதற்குள் கண் நிறைந்துவிட்டது. பேனையைத் திறந்துகொண்டு தகப்பனைப் பார்த்தாள். "ஓமே அப்பா?"

ஓம் என்றால் போதும். ஒரு சொல். கதவு சாத்தி, மணி அடித்து, ட்ராம் போய்விடும். ஐந்து மணிக்கு முன்வரிசையில் இருக்கலாம், ஆட்கள் வந்து கையைப் பிடிப்பார்கள், மகள் கட்டிப்பிடிப்பாள். பவளம் கண்ணால் அதட்டினாள். புத்தளத்தில் அன்று மடியில் இருந்த ஐந்து வயதுப் பாரத்தை அவருடைய தொடை உணர்ந்தது. கதையை எடுத்தது ஒன்று. இப்போது பெயரையும் அழித்துவிட்டு மேலே வேறு பெயர் எழுதினால் அந்தப் பிள்ளைக்கு என்ன மிஞ்சும்?

"நஸ்லியா" என்றார்.

"என்ன?"

"நஸ்லியா. அதுதான் அந்தப் பிள்ளையின்ர பேர்."

மிதுசா எழுதத் தொடங்கினாள். என், ஏ, எஸ். பேனை நின்றது. அவளுடைய வகுப்பில் அப்படி முஸ்லிம் பெயர் உள்ள பிள்ளைகள் எத்தனையோ பேர் படித்தவர்கள். அவள் தாளைப் பார்த்தாள், பிறகு பதிவின் மூன்றாம் பக்கத்தை எடுத்து, 1990 ஒக்டோபர் என்று திகதி இருந்த இடத்தில் விரலை வைத்தாள். சரித்திரம் படித்தவள். ஒருத்தரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

"இயக்கம்" என்றாள். அது கேள்வியில்லை.

"ஓம்."

"உங்களுக்குத் தங்கச்சி இல்லை."

"இல்லை பிள்ளை."

"இஞ்சேருங்கோ, உங்களுக்கு விசரே?" என்றாள் பவளம்.

மிதுசா எழுதிய மூன்று எழுத்தை வெட்டவில்லை. உரைத் தாள்களை ஒன்றாக அடுக்கி, முகம் கீழே இருக்கக் கவிழ்த்து வைத்தாள். சாப்பாட்டு மேசையிலிருந்து ஒரு கதிரையை இழுத்து வந்து தகப்பனுக்கு நேர் முன்னால் போட்டு உட்கார்ந்தாள். வெறுந்தாள் ஒன்றை முழங்காலில் வைத்தாள். கண் காய்ந்திருந்தது. பிறந்த நாளிலிருந்து அவரோடு தமிழைத் தவிர வேறு பேசாதவள், டொச்சில் கேட்டாள்:

"அந்தப் பிள்ளையின் தகப்பனுக்கு என்ன பெயர்?"

பவளத்தின் அகப்பையிலிருந்து குழம்பு கம்பளத்தில் சொட்டியது, பிறகு இன்னொரு சொட்டு. மூன்று பேரில் ஒருவரும் அதைத் துடைக்கக் குனியவில்லை.