கிரேடிங் மேசை

சுமிக்குக் கிரேடிங் மேசை கிடைத்த அன்று குமாரிக்கு மத்தியானச் சோறு தொண்டையில் இறங்கவில்லை.

பாறசாலைக்குத் தெற்கே உள்ள அந்த அண்டியாபீசில், அதாவது முந்திரிக்கொட்டையிலிருந்து பருப்பெடுக்கும் ஆலையில், குமாரிக்குத் தல்லு வேலை. தரையில் உட்கார்ந்து, வறுத்த கொட்டையைக் கல்லில் வைத்து, கட்டையால் தட்டி, பருப்பு உடையாமல் எடுக்க வேண்டும். கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து அவள் தட்டிக்கொண்டிருக்கிறாள். கிரேடிங் என்றால் வேறு உலகம். நாற்காலி உண்டு, மேசை உண்டு, தலைக்கு மேலே ஃபேன் உண்டு. தோல் நீக்கிய வெள்ளைப் பருப்பை ரகம் பிரித்துப் போட்டால் போதும். அங்கே போய் உட்கார்ந்தவள் யார்? நேற்று வந்த சுமி. அவளுக்குக் கட்டை பிடிக்கச் சொல்லிக் கொடுத்ததே குமாரிதான்!

எல்லாம் அந்த டாக்டர் வந்ததால் வந்த வினை. கொட்டையின் மேலோடான தோட்டுக்குள் இருக்கும் எண்ணெய் பட்டால் தோல் பொள்ளும், கறுக்கும், வெடிக்கும். தல்லுகிற பெண்கள் சாம்பலைத் தொட்டுக்கொண்டு சமாளிப்பார்கள். அந்தக் கைகளைப் பார்க்க நெய்யாற்றின்கரையிலிருந்து ஸ்ரீகலா டாக்டர் வருகிறார் என்றதும், நம் பெண்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பெண் பார்க்க வருகிறார்கள் என்பதுபோல் முந்தின நாளே கையை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தார்கள். பெரிய இடத்து டாக்டர் முன்னால் கறுத்த கையை நீட்டினால் மானம் போகாதா? குமாரி எல்லோரையும் மிஞ்சினாள். தேங்காய் மட்டைத் தொண்டு வைத்து உரசி, சோப்பு போட்டு, தேங்காயெண்ணெய் பூசி, வெடிப்பெல்லாம் மறைய, கையில் வளையலும் போட்டுக்கொண்டு போய் நின்றாள். டாக்டர் பார்த்தார். "உங்களுக்குப் பெரிசா ஒண்ணும் இல்ல," என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அடுத்த ஆள் சுமி. குழந்தைக்குக் காய்ச்சல் என்று கை தேய்க்க நேரமில்லாமல், தல்லுக் கல்லிலிருந்து எழுந்து அப்படியே வந்திருந்தாள். டாக்டர் அந்தக் கையைப் பிடித்தவர் விடவே இல்லை.

அன்று சாயங்காலம் எல்லோரையும் உட்காரவைத்து டாக்டர் பேசினார். "இது உங்க தோலுக்க குற்றம் இல்ல, தலையெழுத்தும் இல்ல. வேலையில இருந்து வாற நோயாக்கும். அப்போ வேலையைத்தான் மாத்தணும். எண்ணெய் கையில படாம மெஷின் வச்சு உடைக்கிறதுதான் நல்ல வழி. அது வாற வரைக்கும் எல்லாரும் முறை வச்சு மாறி மாறி இருக்கணும். சுமி முதல்ல கிரேடிங்குக்குப் போகட்டும். பின்ன ஒவ்வொருத்தரா."

குமாரியின் காதில் விழுந்தது 'சுமி முதல்ல' மட்டும்தான். பின்னால் வந்ததெல்லாம் கூரைமேல் பெய்த மழை. அண்டை வீட்டுக்காரி பிள்ளை பெற்றாள் என்று அம்மிக்குழவியை எடுத்துக் குத்திக்கொண்டாளாமே ஒருத்தி, அவளுக்குத் தங்கச்சி இவள்.

தல்லுக்கும் கிரேடிங்குக்கும் நடுவே இருந்த கம்பிவலைக்கு அந்தப் பக்கம் சுமியின் கை தேறுவதைத் தினமும் பார்த்தாள். முதலில் புண் காய்ந்தது. பிறகு கறுப்பு உரிந்து புதுத்தோல் வந்தது. ஒருநாள் நகத்தில் சிவப்புச் சாயம்! குமாரி தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். சுமியின் கை அன்று இருந்ததைவிட மோசமாக இருந்தது. தேய்த்து மறைத்ததற்காகத் தன்னைத்தானே திட்டிக்கொள்ள வேண்டியவள், தேய்க்காமல் வந்தவளைத் திட்டினாள்.

சாயா நேரத்தில் சுமி அருகில் வந்தாள். "அக்கா, அடுத்தது உங்களுக்க முறை. நான் மேனேஜர் சாரிட்ட சொல்லியிருக்கேன்."

நல்ல மனசோடு சொன்னதுதான். ஆனால் அதுவே குமாரியை வெட்டிப்போட்டது. நான் படிப்பித்த பெண் எனக்குச் சிபாரிசு செய்வதா?

மேனேஜர் கிருஷ்ணகுமார் தல்லுப் பக்கம் வந்தபோது, யாரும் கேட்காமலே சொன்னாள். "சாரே, சுமிக்க கையில வந்தது நோயொண்ணும் இல்ல. டாக்டரு வாறதுக்கு முந்தின நாளு அவளே தோட்டெண்ணையை எடுத்துத் தேச்சாளாக்கும். எனக்க கண்ணால கண்டேன்."

பழகிய ஆட்களை முறை மாற்றினால் வேலை மந்தமாகிறது என்று ஏற்கனவே புழுங்கிக்கொண்டிருந்தவர் அவர். வெறும் வாயை மென்றவருக்கு அவல் கிடைத்தது. திங்கட்கிழமை சுமி திரும்பவும் தரைக்கு வந்தாள். முறை மாற்றுவது நின்றது, மெஷின் பேச்சு நின்றது. இங்கே நோயில்லை, நடிப்புதான் என்று டாக்டருக்கும் சொல்லியாயிற்று.

அந்த வாரம் குமாரிக்கு மீன்குழம்பு ருசித்த ருசி! சுமியின் நகச் சாயம் கறுப்பில் முங்கிப்போனதைக் கண்குளிரப் பார்த்தாள்.

மழைக்காலம் வந்ததும் குமாரியின் விரலிடுக்குகள் வெடித்துப் பிளந்தன. சோற்றில் கைவைத்தால் உப்பும் மிளகும் உயிரைப் பிடுங்கின. பெற்ற மகள் ஆதிரா கரண்டியால் ஊட்டிவிட வேண்டியதாயிற்று. பருப்பில் ரத்தக்கறை படிந்ததால் குமாரி தட்டியதெல்லாம் கழிவுக்குப் போனது. கையைத் தேய்க்காமல், கழுவக்கூடச் செய்யாமல், மேனேஜர் முன்னால் நீட்டினாள்.

"சாரே, என்னைக் கொஞ்ச நாளு கிரேடிங்கில போடணும். டாக்டரையும் ஒருக்கா வரச்சொல்லணும்."

கிருஷ்ணகுமார் கையைப் பார்த்தார். முகத்தில் ஒரு இளிப்பு. "எண்ணெய் தேச்சா இப்படித்தான் வருமாக்கும். நீயல்லவா எனக்குப் படிப்பிச்சுத் தந்தது?"

"சாரே, அண்ணு நான் சொன்னது பொய்."

"அண்ணு பொய்யா, இண்ணு பொய்யா? உங்களுக்க மேசைச் சண்டையில நான் எதை நம்ப? போய் வேலையைப் பாரு."

திரும்பி வந்து தன் கல்லுக்கு முன்னால் உட்கார்ந்தாள். பக்கத்துக் கல்லில் சுமி.

"என்ன சொன்னாரு, அக்கா?"

"நானே தேச்சேனாம்," என்றாள் குமாரி.

சுமி தலை நிமிரவில்லை. அடுத்த கொட்டையை எடுத்துக் கல்லில் வைத்தாள்.

"எனக்கிட்டயும் அதேதான் சொன்னாரு. யாரு பாத்ததுன்னும் சொன்னாரு."