மிரண்டாவின் வலது கால்

அற்புதராஜின் மோட்டார் சைக்கிளில் பின் பிரேக்கைப் பிடித்தது அவன் அல்ல, பின்னால் உட்கார்ந்திருந்த அவன் மனைவி மிரண்டா. அவள் கால் வைக்கும் இடத்துக்கும் பிரேக்குக்கும் நடுவே ஒரு கம்பியோ குழாயோ கிடையாது. இருந்தும் பிடித்தது. சிங்கப்பூர் ஜாலான் புசாரில் பட்டறை வைத்திருக்கும் ஒலி முகம்மது இதைக் கண்ணால் பார்த்தவன். தேக்கா சந்தையில் ஆட்டுக்கறி விலை ஏறியதைச் சொல்கிற அதே குரலில் இன்றைக்கும் கேட்பவர்களுக்குச் சொல்வான்.

வண்டி வாங்கும்போது புத்தம் புதுசு. பார்வைக்குத்தான் அறுபது வருஷப் பழசு. வட்டமான முகவிளக்கு, பால் நிற டாங்க், கம்பிச் சக்கரம், முகம் பார்க்கலாம் போல் மினுங்கும் சைலன்சர். "காசு கொடுத்துப் புதுசு வாங்குறோம், அது புதுசா தெரிய வேணாமாங்க?" என்று மிரண்டா கேட்டாள். கேட்டாளே தவிர, ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்ததும் ஃபாதரைக் கூப்பிட்டு வண்டியை மந்திரித்துத் தீர்த்தம் தெளிக்க வைத்தவளும், சாவியில் அந்தோணியார் சுரூபத்தைக் கோர்த்தவளும் அவள்தான். ஆங் மோ கியோ வீட்டிலிருந்து பாசிர் ரிஸ்ஸில் அவள் வேலை பார்த்த குழந்தைப் பள்ளிக்குத் தினமும் அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு அவன் ஷிப்யார்டுக்குப் போவான். சில மாதங்களிலேயே பின் சக்கரம் கிறீச்சிட ஆரம்பித்தது.

ஒலி முகம்மது சக்கரத்தைக் கழற்றிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். பிரேக் பேட் தேய்ந்து, தகடு டிஸ்க்கில் உரசிக்கொண்டிருந்தது. "அண்ணே, பிரேக்ல கால வச்சுக்கிட்டே ஓட்டுறீங்களா? டிஸ்க்கையே தின்னுருச்சு லா." அற்புதராஜ் பின் பிரேக்கை மிதித்ததே இல்லை. ஷிப்யார்டில் இரும்புத் தகடு விழுந்து வலது கணுக்காலில் கம்பி வைத்த நாளிலிருந்து அந்தக் கால் கீழே மடங்காது. முன் பிரேக்கை நம்பித்தான் ஓட்டிக்கொண்டிருந்தான். புது பேட் போட்டார்கள், அதுவும் தேய்ந்தது. வண்டி விற்றவர்களிடம் போனால், தேயும் பொருளுக்கு உத்தரவாதம் கிடையாது, ஓட்டுகிறவர் பழக்கம்தான் காரணம் என்று சிரித்த முகத்தோடு அனுப்பிவிட்டார்கள். கடைசியில் ஒலி முகம்மது தன் வண்டியை எடுத்துக்கொண்டு அவர்கள் பின்னாலேயே சிராங்கூன் ரோடு வரை போனான். பக்கத்தில் ஒரு பஸ் ஒதுங்கினாலும், சந்திலிருந்து ஒரு டாக்ஸி மூக்கை நீட்டினாலும் மிரண்டாவின் வலது கால் மிதிகட்டையை அழுத்தியது. விரல் நுனி வெளுத்தது. உடனே பின்னால் சிவப்பு விளக்கு எரிந்து சக்கரம் இறுகியது.

"பிரேக் பிடிக்கிறது அக்கா லா" என்று திரும்பி வந்து சொன்னான். யாரும் மயங்கி விழவில்லை. பட்டறையில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர், தன் மனைவியும் இப்படித்தான் மிதிப்பாள், வண்டிதான் கேட்பதில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார்.

அற்புதராஜுக்கு இது கௌரவப் பிரச்சினையாகிவிட்டது. ஷிப்யார்டில் பாதுகாப்பு மேற்பார்வையாளன் அவன்; அவனுக்கே பின்னாலிருந்து பிரேக் பிடிக்கிறாள். நல்ல வேகத்தில் போகும்போது சக்கரம் இறுகினால், "கால எடு, மிரண்டா!" என்று கத்துவான். எடுப்பாள். அடுத்த லாரி வந்ததும் தானாகக் கால் அழுத்தும். பாவம், அவள் என்ன செய்வாள்! அவனை ஸ்ட்ரெச்சரில் தூக்கி வந்ததைப் பார்த்தவள். ஒரு காலைக் கொடுத்தது போதும், இனி முழு ஆளையும் கொடுக்க முடியாது என்பது அவள் கட்சி. இப்படியே வருஷங்கள் ஓடின. வண்டி நிஜமாகவே பழசாகியது. கத்தலும் பேடும் வீட்டுச் செலவில் ஒன்றாகிவிட்டன.

பிறகு மிரண்டாவின் கணையத்தில் கட்டி என்றார்கள். அறுவை சிகிச்சைக்கான கட்டம் தாண்டிவிட்டது, இந்த வாரத்தைத் தாண்டுவதே கஷ்டம் என்று டாக்டர் மெதுவாகச் சொன்னார். அன்றைக்கு அற்புதராஜ் ஆஸ்பத்திரியின் கீழே கார் நிறுத்துமிடத்துக்கு வந்தபோது காவலாளி ரகுபதி அவனைத் தேடிக்கொண்டிருந்தான். "சார், காலையிலேர்ந்து உங்க வண்டி பின் லைட் எரியுது. பேட்டரி போயிரும்." சாவி அற்புதராஜின் சட்டைப் பையில் இருந்தது. வண்டி நிறுத்தியபடியே நின்றது, சிவப்பு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அவன் மேலே ஓடினான். கட்டிலின் கால்மாட்டில் போர்வையை விலக்கினான். அவள் தூக்கத்தில் இருந்தாள். வலது கால் கட்டில் பலகையை அழுத்திக்கொண்டிருந்தது, விரல் நுனிகள் வெளுத்துப்போய்.

நின்ற வண்டியில் பேட் தேய்ந்தது. தேய்ந்தால் ஒலி முகம்மது வந்து, கார் நிறுத்துமிடத்திலேயே குந்தி உட்கார்ந்து புதுசு மாட்டிவிட்டுப் போவான். அந்த வாரம் தாண்டியது, மாதமும் தாண்டியது. டாக்டர்கள் ஸ்கேனைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். முதலில் வாரத்துக்கு ஒன்று போன பேட் பிறகு நாளுக்கு ஒன்று போக ஆரம்பித்தது. சிங்கப்பூரில் கையிருப்பு தீர்ந்து, ஜோகூரிலிருந்து பெட்டியாக வரவழைத்தார்கள். வேளாங்கண்ணி மாதாவைவிட அந்த இரண்டு துண்டுகளைத்தான் அதிகம் நம்புவதாக அற்புதராஜ் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னான்.

மிரண்டாவின் உடம்பில் எல்லாம் வற்றிவிட்டது, அந்த ஒரு கால் மட்டும் கல்லாக இறுகி வீங்கியிருந்தது. ஒரு மத்தியானம் கண் திறந்தாள்.

"என்னங்க, கால் ரொம்ப வலிக்குது."

"அமுக்கி விடட்டுமா?"

"வேணாம். இனிமே பிடிக்க முடியலங்க. நீங்க சொல்லுங்க, எடுத்துடுறேன்."

அவள் கேட்டது, நடுரோட்டில் அவன் யோசிக்காமல் அத்தனை முறை கத்திய வார்த்தையை. கீழே போனான். ஒலி முகம்மது பெட்டியைத் திறந்து, கடைசி ஜோடியைக் கையில் வைத்திருந்தான். அற்புதராஜ் எரியும் விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றான். "இரு தம்பி, மாட்டாத" என்று சொல்லிவிட்டு மேலே போனான். கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து அவள் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"கால எடு, மிரண்டா" என்றான்.

எப்போதும் போலச் சொன்னதும் எடுத்தாள். கீழே விளக்கு அணைந்ததை ஒலி முகம்மது பார்த்தான். மேலே ஃபோன் போட்டுக் கேட்கவில்லை, பெட்டியை மூடினான்.

அந்தக் கடைசி ஜோடியைப் போட்டிருந்தால் இன்னும் ஒரு நாள் இருந்திருப்பாளே என்று அற்புதராஜ் அழுதான். வலியிலிருந்து விடுதலை கொடுத்தாய் என்றார்கள். அவனுக்கு அது ஏறவில்லை. தன் வாயாலேயே அனுப்பிவிட்டேன் என்றுதான் பூசையிலும் முனகிக்கொண்டிருந்தான். அந்தப் பேடை ஒலி முகம்மது பிறகு மாட்டிப் பார்த்தான். டிஸ்க்கை மாற்றினான், பம்ப்பை மாற்றினான். யார் மிதித்தாலும் பின் பிரேக் பிடிக்கவில்லை, விளக்கும் எரியவில்லை. வருஷாந்தரப் பரிசோதனையில் வண்டி தேறவில்லை. சாவியிலிருந்த சுரூபத்தைக் கழற்றிக்கொண்டு வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள்.

போன மாதம் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து நின்ற அற்புதராஜை வீட்டில் விடுவதாகச் சொல்லி ஒலி முகம்மது தன் வண்டியில் ஏற்றிக்கொண்டான். ஜாலான் புசார் முனையில் ஒரு லாரி கொஞ்சம் நெருங்கி வந்தது. ஒலி முகம்மது பிரேக்கைத் தொடவில்லை, ஆனால் பின் சக்கரம் இறுகியது. திரும்பிப் பார்த்தான். மடங்காத அந்தக் கணுக்கால் மடங்கி, அற்புதராஜின் பாதம் மிதிகட்டையை அழுத்திக்கொண்டிருந்தது. அவன் கண் லாரியின் மேல் இருந்தது.

ஒலி முகம்மது முன்னால் திரும்பி வேகத்தைக் குறைத்தான். ஆங் மோ கியோ வரை மெதுவாகவே ஓட்டிப் போனான். மறுநாள் தன் வண்டிக்குப் பின் பேட் ஒரு பெட்டியாக வாங்கி வைத்துக்கொண்டான்.