தலைக்கு மேல் ஒரு வரி

"ஒரு தடவை போட்டுப் பாக்கலாமா மாப்ள?" என்று மாமனார் கேட்டபோது மாப்பிள்ளை உண்ட மயக்கத்தில் சோபாவில் சரிந்து கிடந்தான். மாமியார் உள்ளறையில் படுத்திருந்தாள். மனைவி சமையலறையில் பாத்திரங்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். எட்டு வருஷமாக இந்தக் கண்ணாடியைப் பற்றி வாய் ஓயாமல் விசாரித்தவர், போட்டுப் பார்க்க வேண்டும் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. ஆபீஸ் சாமான், கைபட்டு ஏதாவது ஆகிவிட்டால் மாப்பிள்ளைக்குக் கெட்ட பேர் என்று ஒதுங்கியே இருப்பார். இன்றும் கையை வேட்டியில் இரண்டு முறை துடைத்துக்கொண்ட பிறகுதான் நீட்டினார். அவன் எழுந்துகூட உட்காராமல் முகத்திலிருந்து கழற்றிக் கொடுத்தான்.

பார்க்கிற உலகத்தின் மேலேயே எழுத்தையும் படத்தையும் காட்டுகிற கண்ணாடி அது. அதைச் செய்யும் கம்பெனியில் மாப்பிள்ளைக்கு வேலை. முதலில் வந்தது பின்பாதி இல்லாத ஹெல்மெட் மாதிரி இருந்தது. இடுப்பில் பேட்டரி, அதிலிருந்து தலைக்கு ஒயர், நாலடி நடந்தால் நெற்றி சுட்டது. அடுத்ததில் எடை குறைந்தது, ஆனால் போட்டவர்களெல்லாம் வாந்தி எடுத்தார்கள். சோதனை அறையில் ஆளுக்கொரு வாளி வைக்கவேண்டியிருந்தது. அதற்கடுத்ததில் வாந்தி நின்றது, எழுத்து கலங்கியது. வெயிலில் போனால் அந்த எழுத்தும் காணாமல் போனது. இந்த அழகில் வருஷங்கள் ஓட, மாமனார் வீட்டில் அவனுக்குக் கண்ணாடி மாப்பிள்ளை என்று பேரே வந்துவிட்டது. "என்ன மாப்ள, கண்ணாடி பொறந்துடுச்சா, இன்னும் வயித்துலதான் இருக்கா?" என்று மச்சான் கல்யாண வீடுகளில் நாலு பேர் நடுவில் கேட்பான். எல்லாரும் சிரிப்பார்கள். அவனும் அசடு வழியச் சிரித்துவைப்பான்.

சிரிக்காத ஒரே ஆள் மாமனார். பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது எத்தனை கிராம், சூடு குறைந்ததா, பேட்டரி எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று வண்டியைப் பற்றி விசாரிப்பது போலவே விசாரிப்பார். கேட்டதை மனதில் வைத்துக்கொண்டு டீக்கடையில் கூட்டாளிகளிடம் போய்ச் சொல்வார். அங்கேயும் கிண்டல்தான், ஆனால் அசரமாட்டார். கம்பெனியில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிய வருஷம், அடுத்தது தன் தலைதான் என்று அவன் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தான். மாமனார் இரண்டு பஸ் மாறி வந்தார். புத்திமதி ஒன்றும் சொல்லாமல் மத்தியானம் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "இப்ப எத்தனை கிராம்ல வந்து நிக்குது?" என்றார். அந்தக் கேள்வியில்தான் அவன் எழுந்து உட்கார்ந்தான்.

ஒருவழியாக இப்போது சாதாரண மூக்குக்கண்ணாடி போலவே ஒன்று வந்துவிட்டது. போட்டிருப்பதே மறந்துபோகும். கடைக்கு வருவதற்கு முன்னால் வீட்டில் அன்றாடம் போட்டுப் பழகிப் பாருங்கள் என்று வேலை செய்பவர்களிடமே கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளைக்கு முகமும் பேரும் மனதில் தங்காது. மனைவியுடைய சொந்தமோ ஊர்ப்பட்ட சொந்தம். கண்ணாடியில் யாரைப் பற்றியும் ஒரு குறிப்பு எழுதிவைக்கலாம், அந்த முகத்தைப் பார்த்ததும் தலைக்கு மேல் அது மிதக்கும். 'சின்ன மாமியார். மூட்டு வலியை விசாரி.' 'மச்சான். வீட்டுமனைப் பேச்சை எடுத்தால் போன் வந்த மாதிரி எழுந்து போ.' மூன்றே மாதத்தில் சொந்தக்காரர்கள் நடுவில் அவனுக்கு நல்ல பேர் வந்துவிட்டது. மாப்பிள்ளை எவ்வளவு பாசமாக விசாரிக்கிறார் என்று சின்ன மாமியார் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மாமனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். "தலைக்கு மேல எழுத்து வரும்னீங்களே, உங்களுக்கு மேல ஒண்ணும் காணோமே" என்று சிரித்தார். தன்னைப் பற்றித் தானே யார் எழுதிக்கொள்வார்கள்? அவனும் சிரித்தான். அவர் மெதுவாக நடந்து, கைகழுவும் இடத்தில் மாட்டியிருந்த நிலைக்கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றார். தனக்கு இது எப்படி இருக்கிறது என்று பார்க்கும் ஆசை. அவன் கொட்டாவி விட்டுக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தான். அவருடைய உதடுகள் அசைய ஆரம்பித்தன. அவர் எதையும் எழுத்துக்கூட்டி வாய்க்குள் சொல்லித்தான் படிப்பார்.

வேறு யாரிடமாவது கொடுத்தால் தன் குறிப்புகளை மறைத்துவிட்டுக் கொடுக்க வேண்டும், ஒரு தட்டு தட்டினால் போதும். ஆபீஸில் எல்லாருக்கும் அதைப் பாடம் எடுப்பவனே அவன்தான். முகம் நேரே இருக்கிறதா, நிலைக்கண்ணாடிக்குள் இருக்கிறதா என்ற வித்தியாசம் அந்தச் சாமானுக்குத் தெரியாது. அவன் சடாரென்று எழுந்து உட்கார்ந்தான். அவர் தலைக்கு மேல் என்ன இருக்கிறது என்று அவனுக்கு மனப்பாடம். 'மாமனார். கண்ணாடி பற்றி அறுப்பார். அடுத்த வருஷம் என்று சொல்லி முடி.'

ஒருநாள் அலுப்பில் எழுதியது. வெறும் அலுப்புகூட இல்லை. கேலி செய்கிறவர்களுக்கு ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடலாம். நம்பிக்கொண்டிருப்பவரிடம் ஒவ்வொரு தடவையும் இன்னும் கடைக்கு வரவில்லை என்று சொல்வதற்குத்தான் அவனுக்குக் கூசியது. அந்தக் கூச்சத்துக்குப் பயந்து எழுதினான் என்று இப்போது எடுத்துச் சொன்னால், எழுதியதைவிட அது கேவலமாக இருக்கும்.

மாமனாரின் உதடுகள் நின்றன. தலையை லேசாகச் சாய்த்தார். வரியும் கூடவே சாய்ந்திருக்கும், அப்படித்தான் செய்திருந்தார்கள். பிறகு இரண்டு கையாலும் கழற்றி, காம்பை மடக்கி, கொண்டுவந்து நீட்டினார்.

"எழுத்து நல்லாத் தெளிவா இருக்கு மாப்ள" என்றார். "முன்னாடி கலங்குதுன்னு சொல்லிட்டிருந்தீங்களே. இப்ப ஆடவே இல்ல."

கிண்டலோ என்று அவன் நிமிர்ந்து பார்த்தான். கிண்டல் இல்லை. உண்மையிலேயே அதைத்தான் கவனித்திருக்கிறார். கோபப்பட்டிருந்தால் காலில் விழுந்திருக்கலாம். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது அவனுக்கு.

சமையலறை வாசலுக்கு மனைவி வந்தாள். "எப்படிப்பா இருக்கு?"

"நல்லா இருக்கும்மா. கனமே தெரியல." அவர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் உள்ளே போனாள். எத்தனை கிராம் என்று அவர் இன்று கேட்கவில்லை. இனிமேல் கேட்கவேமாட்டார் என்று அவனுக்குத் தோன்றியது.

"மாமா, அதை இப்பவே அழிச்சிடறேன்" என்றான்.

"பரவால்ல மாப்ள. இருக்கட்டும்."

"இல்ல மாமா. அழிக்கணும்."

அவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டான். குறிப்பை அழிக்க வேண்டுமென்றால் அந்த ஆளின் கண்ணைப் பார்க்க வேண்டும். பார்த்துக்கொண்டே இருந்தால் ஒரு வளையம் மெல்ல நிறையும், முழுசாக நிறைந்ததும் வரி அழியும். நடுவில் பார்வை விலகினால் மறுபடி முதலிலிருந்து. கைதவறி யாரும் அழித்துவிடக் கூடாதென்று அவன் சொன்ன யோசனை அது, மேலதிகாரி கைகொடுத்துப் பாராட்டியிருந்தார்.

மாமனாரின் கண்ணைப் பார்த்தான். ஆபரேஷன் செய்த இடது கண் கொஞ்சம் நீலம் பாய்ந்திருந்தது. இத்தனை வருஷமாக அது அவனுக்குத் தெரியாது. வளையம் கால்வாசி நிறைவதற்குள் அவன் பார்வை நழுவி அவருடைய சட்டைப் பொத்தானுக்கு இறங்கியது. வளையம் காலியானது. மறுபடி நிமிர்ந்தான். இந்தத் தடவை பாதி வரைக்கும் வந்தது.

"அசையாம இருக்கணுமா மாப்ள?"

"நீங்க அசையலாம் மாமா. நான்தான்..." என்று ஆரம்பித்தவன் தரையைப் பார்த்தான்.

அவர் நாற்காலியை ஓரடி முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். முதுகை நிமிர்த்தி, கைகளை முழங்காலில் வைத்து, லைசென்ஸுக்குப் போட்டோ எடுக்க உட்கார்ந்தவர் போல இமைக்காமல் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைக்கு மேல் அந்த வரி கொஞ்சமும் ஆடாமல் நின்றது.